தாரா சுடப் போனவனை ரொறன்ரோவுக்கு அனுப்பினேன்

1

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோட்டில் நிற்காது. ஒன்றைச் சொல்லத் தொடங்கி இன்னொன்றுக்குள் போய்விடுவேன். பெயர்களும் கிழமைகளும் இப்போது மனதில் தங்குவதில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்காத ஆள் நான், எழுதுவதற்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் தங்கள் சீவியத்தைப் பற்றி எழுத வேண்டுமாம். மலருக்குப் பொறுப்பான ரீச்சர் மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். கடைசித் தரம், "அக்கா, எல்லாரும் பனியைப் பற்றித்தான் எழுதியிருக்கினம். நீங்களாவது வேறை ஏதும் எழுதுங்கோ" என்றார். எனக்கு வேறு என்ன தெரியும்? தாரா தெரியும், இங்கத்தைக் காட்டு வாத்து. அதுவும் உரித்து, சுத்தம் செய்து, கறி வைக்கத்தான் தெரியும். என் மகன் தாரா சுடப் போகிறவன். அதைப் பற்றி எழுதுகிறேன்.

இன்று சனிக்கிழமை, செப்டம்பர் கடைசி. பத்து மாதத்துக்குப் பிறகு இன்று விடியத்தான் அவன் மறுபடியும் தண்ணீருக்குப் போயிருக்கிறான். எனக்கு இருக்க முடியவில்லை. உடுப்புத் தோய்க்கும் மெஷினைப் போட்டேன். போட்டதை மறந்து மறுபடியும் போய்ப் பார்த்தேன். யன்னலடிக்குப் போனேன், வந்தேன். பேனையை எடுத்தால் கால் நிற்கும் என்று எடுத்திருக்கிறேன்.

2

மகன் நேசனுக்கு நாற்பத்திரண்டு வயது. ஒன்பது வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு மொன்றியலுக்கு வந்தவன். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. மருமகள் வசந்தி கார்டெரியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில் வேலை செய்கிறாள். பேத்தி அபி பள்ளிக்கூடம் போகிறாள். ரொக்ஸ்பரோவில் ரயில் பாதைக்குக் கிட்ட எங்கள் வீடு.

நேசனோடு மார்க் என்று ஒரு கியூபெக்காரப் பிள்ளை வேலை செய்கிறது. பிள்ளை என்றாலும் தாடி நரைத்துவிட்டது. அவன்தான் இந்தப் பைத்தியத்தைத் தொற்ற வைத்தவன். ஒரு நாள் நேசன் காரின் கூரையில் நீட்டாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். பச்சையும் மண்ணிறமுமாக இருந்தது.

"என்னடா இது, பாடை மாதிரி?"

"கயாக் அம்மா. தாரா சுட."

கயாக் என்றால் ஒரு ஆள் மட்டும் காலை நீட்டி இருக்கிற ஒடுங்கின தோணி. முழங்கால் தண்ணீர் இருந்தால் போதும், போகும். பெரிய ஆற்றில் மோட்டார்ப் படகில் போகிறவர்களைத் தாரா தூரத்திலேயே கண்டு எழும்பிவிடுமாம். இவர்கள் போவது சின்ன ஆறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும். கயாக்கின் மேல் சாக்கை விரித்து, அதில் காய்ந்த நாணலைச் செருகி, துடுப்பைச் சத்தம் போடாமல் வைத்து, வளைவுக்கு வளைவு மிதந்து போகிறது. ஏதோ குப்பை வருகிறது என்று தாராக்கள் பேசாமல் இருக்குமாம். கிட்டப் போனதும் எழும்பும். அப்போதுதான் சுட வேண்டும்.

"முன்னுக்கு மட்டும்தான் சுடலாம் அம்மா. பக்கவாட்டிலை திரும்பிச் சுட்டால் துவக்கு உதைக்கிற உதையிலை நான் கவிண்டுபோவன்."

"அப்ப தாரா பக்கவாட்டிலை எழும்பினால்?"

"அண்டைக்கு அதுக்கு நல்ல காலம்."

துவக்கு வாங்குகிறது லேசான காரியம் இல்லை. இரண்டு வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதினான். பிறகு ஒரு விண்ணப்பம் வந்தது. அதில் மனைவியும் கையெழுத்து வைக்க வேண்டும். ஒருவன் கையில் துவக்கு இருக்கலாமா என்று அவன் மனைவியைக் கேட்கிற நாட்டை நான் அன்றைக்குத்தான் கண்டேன். வசந்தி இரண்டு கிழமை பேனையை எடுக்கவில்லை. "முதல் கராஜைத் துப்பரவாக்குங்கோ, பேந்து பாப்பம்" என்றாள். ஐந்து வருஷக் குப்பை ஒரு சனி ஞாயிறில் வெளியே போனது.

அதற்குப் பிறகும் சட்டம் முடியவில்லை. ஈயக் குண்டு கூடாது. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு ஆறு தாராதான். வீடு வந்து சேரும்வரை ஒரு செட்டையை வெட்டாமல் விட வேண்டும், வழியில் அதிகாரி மறித்தால் என்ன இனம் என்று பார்ப்பதற்கு. அதனால் என் சிங்கிற்குள் தாராக்கள் ஒற்றைச் செட்டையோடு வந்து கிடக்கும். மார்க் நெஞ்சு இறைச்சியை மட்டும் அரிந்து எடுத்துவிட்டு மிச்சத்தை எறிகிறவன். நான் விடவில்லை. காலும் கழுத்தும் ஈரலும் போட்டு, எங்கள் கறித்தூளில் பிரட்டி வைத்தேன். அவன் சாப்பிட்டு, மூக்கால் தண்ணீர் ஓட ஓட, "அம்மா, ஏங்கோர்" என்று பிளேட்டை நீட்டினான். இன்னும் போடு என்று அர்த்தம்.

அபி தொட மாட்டாள். தகப்பனைப் பார்த்துப் பிரெஞ்சில் கொலைகாரன் என்பாள். சொல்லிவிட்டு, கறியில் இறைச்சி இல்லாத பக்கமாகப் பாணைத் தோய்ப்பாள். குழம்புக்கு உயிர் இல்லையாம்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். அவன் எங்கே போய்ச் சுடுகிறான் என்பது மட்டும் நேற்றுவரை தெரியாது. நான் கேட்டதில்லை.

3

வெளிக்கிடுகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. இந்த மலரை வாசிக்கிற உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது. கேட்டுவிட்டால் அந்த ஆள் திரும்பி வந்து, இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்க வேண்டும். என் புருஷன் இருந்தவரையில் எந்தக் கடைக்குப் போகிறார் என்றுகூட நான் கேட்டதில்லை. போன பிறகு எந்தச் செருப்பைக் காணோம் என்று பார்த்து விளங்கிக்கொள்வேன்.

ஆனால் நேசனைக் கேட்காததற்கு அது மட்டும் காரணம் இல்லை. தெரியாவிட்டால் சொல்லவும் முடியாது. அதுதான்.

இன்று காலைவரை இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. எனக்கு ஒரு தம்பி இருந்தான், பாலன். நேசன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு காலை ஆமிக்காரர் மூன்று பேர் படலைக்கு வந்தார்கள். ஒருவனுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். அதட்டவில்லை. "அக்கா, தம்பி எங்கே?" என்றுதான் கேட்டான். அக்கா என்றான். பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்கு எழும்பி நின்று பதில் சொல்லிப் பழகின வாய் இது. "சலூனுக்கு, தலைமயிர் வெட்ட" என்றேன்.

பாதித் தலை வெட்டினபடியே பாலனைக் கொண்டுபோனார்கள். ஏழு மாதம் கழித்து விட்டார்கள். வலது கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை. பிறகு ஜெர்மனிக்குப் போனான். நாலு வருஷத்துக்கு முன் அங்கேயே செத்துப்போனான். தன்னைக் காட்டிக்கொடுத்தது சலூன்காரர்தான் என்று கடைசிவரையும் சொல்லிக்கொண்டிருந்தான். தொலைபேசியில் எத்தனை தரம் அந்த மனுஷனைத் திட்டியிருப்பான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தரமாவது, அது நான்தான் என்று சொல்லவில்லை.

பாலனுக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் ஒரு பதில்தான். யார் வந்து யாரைக் கேட்டாலும் கொழும்புக்குப் போட்டான். கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றாலும் கொழும்புக்குப் போட்டான். எப்ப போனவன்? முந்தநாள். எப்ப வருவான்? தெரியாது. துவக்கு? ஐயோ, எங்கடை வீட்டிலையோ? நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வரிசை பிசகாமல் வரும்.

4

போன நவம்பர் நடுப்பகுதி, ஒரு செவ்வாய்க்கிழமை. நேசனுக்கு லீவு நாள், மார்க்குக்கு வேலை. நேசன் தனியாகத்தான் போனான். விடிவதற்கு முன்பே கராஜ் கதவு சத்தம் கேட்டது. தேநீர்ப் போத்தலை நான்தான் கொடுத்தேன்.

"போட்டு வாறன் அம்மா."

"ஓம், போட்டு வா."

எனக்கு இரண்டு நாளாக மனதில் ஒரு அரிப்பு இருந்தது. அதற்கு முந்தின ஞாயிறு சிங்கிற்குள் ஏழு தாரா கிடந்தது. எண்ணிப் பார்த்தேன், ஏழுதான். ஆறுக்கு மேல் சுடக்கூடாது என்று அவனே சொன்னவன். ஏழாவது மார்க் கொடுத்தது என்று பிறகுதான் தெரியும். அப்போது கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பத்து மணியளவில் கதவைத் தட்டினார்கள். பெல் இருக்கிறது, அடிக்கவில்லை. தட்டினார்கள். திறந்தால் பொலிஸ். ஒரு ஆணும் ஒரு பெண்ணும்.

"போன்ஜூர் மடாம்" என்று தொடங்கி அந்த ஆண் பிரெஞ்சில் நிறையச் சொன்னான். எனக்குப் பிரெஞ்சில் போன்ஜூரும் மெர்சியும்தான். தையல் ஃபக்டரியில் பதினெட்டு வருஷம் வேலை செய்ததில் கொஞ்சம் இங்கிலிஷ் விளங்கும். அந்தப் பெண் அதைக் கண்டுபிடித்து இங்கிலிஷுக்கு மாறினாள். கையில் இருந்த தாளைப் பார்த்து நேசனின் பெயரை உடைத்து உடைத்து வாசித்தாள். உங்கள் மகனா? வீட்டில் இருக்கிறாரா?

"ரொறன்ரோ" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. கொழும்பு வர வேண்டிய இடத்தில் ரொறன்ரோ தானாக வந்தது.

"எப்போது போனார்?"

"டூ டேய்ஸ்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கார் என்றாள். கயாக் என்றாள். கார் யாரிடம் இருக்கிறது என்றாள். தெரியாது என்றேன். பிறகு துவக்கைப் பற்றிக் கேட்டாள். "நோ கன். நோ கன் இன் ஹவுஸ்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கும்படியாக உரத்து வந்தது. நாலு பேருக்கு முன் வாய் திறக்காதவள், அன்றைக்குத் தடுமாறாமல் பேசினேன். மகனோடு கூடப் போகிற சிநேகிதன் யாரும் உண்டா என்று கேட்டாள். மார்க்கின் நம்பர் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

"நோ பிரண்ட்" என்றேன்.

அந்தப் பெண் கடைசியாகத் தண்ணீர் என்றாள், குளிர் என்றாள். தன் இரண்டு கைகளையும் தேய்த்துக் காட்டினாள். வாசலில் நிற்கக் குளிர்கிறது, உள்ளே விடு என்று கேட்கிறாள் என்று நினைத்து நான் கதவை இன்னும் ஒடுக்கிப் பிடித்தேன். அவள் ஒரு சின்ன அட்டையில் நேரமும் நம்பரும் எழுதித் தந்தாள். இருவரும் போனார்கள்.

நான் அட்டையைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். கராஜுக்குப் போனேன். துவக்கு அவனோடு போய்விட்டது. அலுமாரியின் மேல் ஒரு பெட்டி தோட்டா இருந்தது. எடுத்துவந்து அரிசி மூட்டைக்குள் கையை முழங்கைவரை விட்டுப் புதைத்தேன்.

எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். வயது எழுபதைத் தாண்டியும் மறக்கவில்லை, என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மீன் குழம்பு வைத்தேன்.

5

ஒரு மணிக்கு வசந்தி வேலையிலிருந்து எடுத்தாள்.

"மாமி, இவர் வந்திட்டாரோ?"

"இன்னும் இல்லைப் பிள்ளை."

"பத்து மணிக்கு மெசேஜ் போடுறன் எண்டவர். போடேல்லை. எடுத்தால் போனும் வேலை செய்யுதில்லை."

என் கண் சாமிப் படத்துக்குப் போனது.

"பொலிஸ் வந்தது" என்றேன்.

"என்ன? எப்ப?"

"பத்து மணிக்கு."

"ஏன் மாமி எனக்கு எடுக்கேல்லை? என்ன கேட்டவை?"

"கயாக் எண்டினம், துவக்கு எண்டினம்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"எனக்கு விளங்கேல்லை எண்டன் பிள்ளை."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். அந்தச் சத்தத்தோடுதான் எனக்கு விளங்கியது. பிடிக்க வந்தவர்கள் ஏன் சிநேகிதன் யார் என்று கேட்க வேண்டும்? ஏன் குளிர் என்று கையைத் தேய்த்துக் காட்ட வேண்டும்? அவர்கள் நேசனைப் பிடிக்க வரவில்லை. தேட வந்தார்கள்.

குழம்பு அடிப்பிடித்து மணத்தது. நான் அடுப்பை நிற்பாட்டினேனா இல்லையா என்பது நினைவில் இல்லை. சப்பாத்துப் போடாமல் தெருவில் நின்றேன். எங்கே போகிறது? பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இந்த ஊரில் எனக்குக் கடைக்கும் கோயிலுக்கும்தான் வழி தெரியும். என் மகன் எந்தத் தண்ணீரில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவன் எத்தனையோ தரம் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறான். நான் காதைக் கொடுக்காமல் இருந்து பழகிவிட்டேன்.

நடந்தது இதுதான். நேசன் சுட்ட தாரா ஒன்று நாணலுக்குள் விழுந்திருக்கிறது. எட்டி எடுக்கலாம் என்று ஒரு காலை வெளியே வைத்திருக்கிறான். தரை மாதிரித் தெரிந்தது, சேறு. இடுப்புவரை இறங்கிவிட்டான். கயாக் கையை விட்டு நழுவிப் போய்விட்டது, துவக்கும் போனும் மூன்று தாராவும் அதற்குள். காலை இழுத்து எடுத்தபோது ஒரு பக்க றப்பர் சப்பாத்து சேற்றோடு நின்றுவிட்டது. பீவர் என்கிற மிருகம் தடிகளை அடுக்கிக் கட்டின மேடு ஒன்று தண்ணீருக்குள் இருந்ததாம். அதன்மேல் ஏறி இருந்திருக்கிறான். ஒரு பக்கம் ஆழத் தண்ணீர், மற்றப் பக்கம் சேறு. கரையோரத் தண்ணீரில் மெல்லிய பனிக்கட்டி. கத்தினால் கேட்க ஆள் இல்லை.

ஆளில்லாத கயாக் பெரிய ஆற்றுக்குள் போனதை யாரோ கண்டு அறிவித்திருக்கிறார்கள். துவக்கின் இலக்கமும் கரையில் நின்ற காரும் எங்கள் விலாசத்தைக் காட்டியிருக்கின்றன. விலாசத்தில் நான் இருந்தேன்.

பொலிஸ் தேடாமல் இருக்கவில்லை. கயாக் அகப்பட்ட பெரிய ஆற்றில்தான் தேடினார்கள். கார் நின்ற கரையிலிருந்து பிரிகிற வாய்க்கால்களில் நேசன் எதற்குள் நுழைகிறவன் என்று தெரிந்த ஆள் மார்க் ஒருவன்தான். வசந்தி சொன்னதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினான். அவன் காட்டின இடத்துக்குப் போய், போன கொஞ்ச நேரத்துக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்போது இரண்டரை மணி இருக்கும் என்கிறார்கள். பத்து மணிக்கு நான் மார்க் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் பதினொன்றரைக்கு அவன் வெளியே வந்திருப்பான்.

6

ஆசுப்பத்திரியில் அவனைப் பார்த்தபோது முகம் மெழுகு மாதிரி இருந்தது. நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். சப்பாத்துப் போன இடது காலில் சின்னவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் விரலைக் காப்பாத்தியிருக்கலாமாம்" என்று டொக்டர் சொன்னதை வசந்தி எனக்குத் தமிழில் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஒரு விரல்தானே என்று மார்க் முதல் எல்லோரும் சொன்னார்கள். நேசனே, "ஒம்பது மிச்சம் இருக்குத்தானே அம்மா" என்றான். ஆனால் அவன் இப்போது அந்தக் காலைக் கொஞ்சம் சரித்துத்தான் வைக்கிறான். பெட்டி தூக்குகிற இடத்திலிருந்து மாற்றி, கதிரையில் இருந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். அவன் படியில் இறங்குகிற சத்தத்தை நான் படுக்கையில் இருந்து கேட்பேன். ஒரு அடி கனம், ஒரு அடி மெது. பாலன் நடந்த சத்தமும் அப்படித்தான்.

ஒருத்திக்கு ஆள் எங்கே என்று சொல்லியும் பிழை, சொல்லாமல் விட்டும் பிழை என்றால் அவள் என்ன செய்கிறது?

இரண்டு கிழமை கழித்து வசந்தி சோறு போட அரிசி அள்ளினாள். அரிசி அளக்கிற சுண்டு பெட்டியில் தட்டிய சத்தம் எனக்குக் கூடத்தில் கேட்டது. அவள் தோட்டாப் பெட்டியை வெளியே எடுத்தாள். ஊதித் துடைத்தாள். கராஜுக்குக் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்து, அரிசியைக் கழுவினாள். ஒரு சொல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பொலிஸ் அவளுக்குச் சொல்லியிருக்குமா? அவள் இவனுக்குச் சொல்லியிருப்பாளா? பத்து மாதம் இதே யோசனை. அவர்கள் இருவரும் அறைக்குள் மெதுவாகக் கதைத்தால் என்னைப் பற்றித்தான் என்று இருக்கும். சிரித்தாலும் அப்படித்தான். சாமிப் படத்தைத் துடைக்கும்போது அந்த அட்டை விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு துடைப்பேன்.

7

இன்று விடிய மார்க் தன் கயாக்கோடு வந்துவிட்டான். இனித் தனியாகப் போக மாட்டேன் என்று வசந்திக்குச் சத்தியம் செய்து கொடுத்துத்தான் நேசன் வெளிக்கிட்டான். கராஜ் வெளிச்சத்தில் காரின் கூரையில் கயாக்குகளைப் பட்டியால் இறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தேநீர்ப் போத்தலோடு நின்றேன்.

"சரி அம்மா, போட்டு வாறன்."

என் வாய் ஓம் போட்டு வா என்பதற்குத்தான் திறந்தது.

"எங்கை போறாய்?" என்று கேட்டேன்.

பட்டியில் இருந்த அவன் கை நின்றது. மார்க்குக்கு ஒன்றும் விளங்கவில்லை, இறுக்கிக்கொண்டே இருந்தான். நேசன் திரும்பி என்னைப் பார்த்தான். நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் அவனிடம் கேட்காத கேள்வி. அவனுக்கு வாய் ஒரு பக்கம் கோணியது.

"ரொறன்ரோவுக்கு" என்றான்.

நான் போத்தலைக் கராஜ் தரையில் வைத்தேன்.

"ஆரும் வந்து கேட்டால் முந்தநாளே போட்டன் எண்டு சொல்லுங்கோ."

"உனக்கு எப்ப தெரியும்?"

"ஆசுப்பத்திரியிலையே தெரியும். அந்தப் பொம்பிளைப் பொலிஸ் வந்து பாத்தவ. உங்கடை அம்மாட்டை ஒரு சொல்லு வாங்கேலாது எண்டு சொல்லிச் சிரிச்சவ."

"பேந்து ஏன் நீ என்னைக் கேக்கேல்லை?"

அவன் பட்டியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். "நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தன்" என்றான். அப்போது அவன் சிரிக்கவில்லை.

நான் அழவில்லை. அவன் கையைப் பிடித்தேன். "உள்ளுக்கு வா. கேட்டுப்போட்டன். இருந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றேன். வந்தான். மார்க்கையும் கூப்பிட்டு இருத்தினேன், அவனும் என்னவோ மருந்து என்று நினைத்து மடக் மடக்கென்று குடித்தான். சமையலறை மேசையில் இருந்துதான் பாலனையும் சலூனையும் சொன்னேன். நின்று நின்றுதான் சொன்னேன். நேசன் மார்க்குக்கு அதைப் பிரெஞ்சில் சொல்லவில்லை. கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு தாளில் அந்த வாய்க்காலின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி பிறிட்ஜ் கதவில் ஒட்டினான். மூன்று தரம் எனக்கு வாசித்துக் காட்டினான். அதற்குக் கீழே நான் தமிழில் எழுதிக்கொண்டேன். இரண்டு மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது ஒன்றே முக்கால்.

நான் கதவடியில் போய் நின்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். மை சன், நேசன். கயாக், யெஸ். கன், யெஸ். பிரண்ட், மார்க். பிறகு இடத்தின் பெயர். அதில்தான் தடக்குகிறது.

உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். ஊரில் எங்கள் சந்திச் சலூன்காரரின் பிள்ளைகள் யாரும் இதை வாசித்தால், உங்கள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சொன்னது நான். பாலனுக்கு ஏழு மாதமா, எட்டு மாதமா என்பது உங்களுக்கு நினைவிருந்தால் திருத்துங்கள்.

மற்றது, மொன்றியலில் பிரெஞ்சு தெரிந்த யாருக்காவது இது. அந்த வாய்க்காலின் பெயரை என் காதில் விழுந்தபடி ருய்சோ தே சோல் என்று எழுதியிருக்கிறேன். கிளைகள் தண்ணீரைத் தொடுகிற மரத்தின் பெயராம். நான் எழுதினது சரியா, இதை இப்படிச் சொன்னால் கதவில் நிற்கிற ஆளுக்கு விளங்குமா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.